கோட்டை வாசலில் தொடங்கும் வரலாறு

யாழ்ப்பாண நகரில் அண்மைக் காலத்தில் ஒரு புதிய வழக்கம் தோன்றியிருக்கிறது. விடுமுறை நாட்களில், வெயில் ஏறுமுன், பத்து இருபது பேர் ஓரிடத்தில் ஒன்றுகூடுகிறார்கள். ஊர் வரலாறு அறிந்த ஒருவர் முன்னே நடக்க, ஏனையோர் அவர்பின் செல்கிறார்கள். பழைய கட்டடங்களின் முன் நின்று அவர் விளக்கம் கூறுகிறார். கேட்போர் குறிப்பெடுக்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள். முடிவில் ஒரு மண்டபத்தில் அமர்ந்து சொற்பொழிவு கேட்டுக் கலைகிறார்கள். இதற்கு ‘மரபுரிமை நடை’ என்று பெயர்.

இவ்வழக்கத்தை நாம் மனமார வரவேற்கிறோம். இரண்டு தலைமுறைக் காலம் போரின் நிழலில் வாழ்ந்த ஒரு நகரத்தின் மக்கள், கோட்டைப் பக்கம் தலைகாட்டவே அஞ்சியிருந்த மக்கள், இன்று தம் தெருக்களில் நடந்து அவற்றின் கதையைக் கேட்க விரும்புவது சிறிய காரியமன்று. ஊரை அறியாதவன் நாட்டை அறியான். ஆயினும், வரவேற்பு வேறு, விமர்சனம் வேறு. நூலொன்று வெளிவந்தால் விமர்சிக்கிறோம். நாடகமொன்று மேடையேறினால் விமர்சிக்கிறோம். நடை மட்டும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதா? அதுவும் ஓர் ஆக்கமே. எங்கே தொடங்குவது, எதன் முன் நிற்பது, எந்தத் தெருவுக்குள் திரும்பாமல் விடுவது என்பவற்றை யாரோ ஒருவர் தெரிந்தெடுக்கிறார். தெரிவு உள்ள இடத்தில் நோக்கும் உண்டு. அந்த நோக்கைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

சில மாதங்களின் முன் எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் இருபத்துநால்வரை அழைத்துக்கொண்டு இத்தகைய நடையொன்றிற் பங்குபற்றினோம். அதை நடத்தியோரின் பெயர் இங்கு வேண்டியதில்லை. நாம் காட்டவிருக்கும் குறை தனியொருவருடையதன்று. வரலாறு என்றால் இன்னதுதான் என்று நம்மிடையே பரவலாக நிலவும் எண்ணத்தின் குறை அது.

★

முதலில் நிறையைக் கூறிவிடுவோம்.

நடை கோட்டை வாசலில் தொடங்கியது. 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியமை, இறுதி மன்னன் சங்கிலி குமாரன் பிடிபட்டுக் கோவாவில் 1623 இல் தூக்கிலிடப்பட்டமை, 1658 இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டுக் கோட்டையைப் பிடித்தமை, நாற்கோணமாயிருந்த போர்த்துக்கேயக் கோட்டையை அவர்கள் ஐங்கோணமாக மாற்றிக் கட்டியமை, 1795 இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியமை ஆகிய யாவும் ஆண்டுப் பிழையின்றிக் கூறப்பட்டன. 1706 இல் எழுந்து அண்மைப் போரில் இடிந்தழிந்த ஒல்லாந்தத் தேவாலயத்தின் கற்குவியல் முன் மாணவர் மௌனமாக நின்றனர். பின்னர் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கண்டோம். 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்துபோனதன் ஞாபகமாக எழுந்தது அது. இறுதியாகப் பொது நூலகத்தை அடைந்தோம். 1933 இல் செல்லப்பா என்னும் ஒரு தனிமனிதர் தம் இல்லத்தில் இட்ட வித்து, மக்கள் தந்த பணத்தால் வளர்ந்து 1959 இல் பெருங் கட்டடமாகத் திறக்கப்பட்டதும், 1981 மே 31 ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்து சாம்பலானதும், மீண்டும் அது எழுந்துநிற்பதும் உணர்ச்சியோடு எடுத்துரைக்கப்பட்டன. கேட்டவர் கண்கள் கலங்கின. எமது கண்களும் கலங்கின.

வழிகாட்டி கற்றவர், பேச வல்லவர். சுவை கூட்டுவதற்காகக் கோட்டையிலிருந்து நல்லூருக்குச் சென்றதாகச் சொல்லப்படும் சுரங்கப்பாதைக் கதையையும் இடையிற் செருகினார். இக்கதைக்கு ஆதாரம் என்ன என்று கேட்ட மாணவிக்கு, ‘பெரியவர்கள் சொல்லுவினம்’ என்பதே விடையாயிற்று. இதனை நாம் பெருங்குற்றமாகக் கொள்ளவில்லை. சுரங்கக் கதை இல்லாத கோட்டை உலகில் எங்குமில்லை போலும்! எம்மைச் சிந்திக்க வைத்தது வேறொரு கேள்வி.

கோட்டையின் ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்தர் தம் நாட்டு மாகாணங்களின் பெயர்களையே சூட்டினர். சீலாந்து, ஒல்லாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், பிரீஸ்லாந்து என்று வழிகாட்டி வரிசையாகக் கூற, மாணவர் எழுதிக்கொண்டனர். அப்போது மாணவன் ஒருவன் மதிலைத் தொட்டுப் பார்த்தான். அது முருகைக்கல், கடலிலிருந்து வெட்டியெடுத்தது. கரையோரத்துப் பிள்ளையாதலால் அக்கல்லை அவன் அடையாளம் கண்டான். “சேர், இந்தக் கல்லெல்லாம் ஆர் சுமந்தது?” என்று கேட்டான். வழிகாட்டி ஒரு கணம் நின்றார். “அந்தக் காலத்து ஆக்கள்தான், தம்பி” என்றார். அடுத்த கொத்தளத்தை நோக்கி நடந்தார்.

ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள மாகாணங்களின் பெயர்களை எம் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். கல் சுமந்தவர் பற்றி அவர்களின் குறிப்பேட்டில் ஒரு சொல்லுமில்லை. அன்றைய நடையின் குணமும் குறையும் இந்த ஓரிடத்தில் தெளிவாகத் தெரிந்தன.

★

துறைமுக நகரமொன்றை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது? இக்கேள்விக்கு நம் இலக்கியம் என்றோ விடை கூறியிருக்கிறது. தமிழ் கற்றோர் அதை மறந்திருப்பதே வியப்பு.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையைப் பார்ப்போம். காவிரிப்பூம்பட்டினத்தை இளங்கோவடிகள் நமக்கு நடந்து காட்டுகிறார். அந்நகரம் இரு பகுதிகளைக் கொண்டது. கடலையடுத்திருப்பது மருவூர்ப்பாக்கம், அரச வீதியும் தேர்வீதியும் மாளிகைகளும் அமைந்தது பட்டினப்பாக்கம். அவர் முதலில் எங்கே அழைத்துச் செல்கிறார்? மருவூர்ப்பாக்கத்துக்கு. பொழுது விடிந்ததும் நாம் காண்பது பிறநாட்டிலிருந்து கடல்வழி வந்தோர் தம்முள் கலந்து வாழும் இருப்பிடங்களை. அடுத்து வாசனைப் பண்டம் விற்போர், நெசவாளர், கூலக் கடைக்காரர், அப்பம் சுடுவோர், கள் விற்கும் பெண், மீன் விற்கும் பரதவர், உப்பு விற்போர், எண்ணெய் விற்போர், கன்னார், தச்சர், கொல்லர், தையற்காரர், தோல் தைப்போர் ஆகியோர் வரிசையாக வருகின்றனர். இத்தனை பேரையும் கண்ட பின்பே அரச வீதிக்குள் நுழைகிறோம்.

பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரும் அவ்வாறே செய்தார். கரிகாலனைப் பாட வந்த புலவர் அவர். ஆனால், அரசனிடம் செல்லுமுன் பரதவர் தொழிலுக்குப் போகாத நாளில் ஆடும் விளையாட்டைக் காட்டுகிறார். கடலிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து கடலுக்கும் மாறிமாறி இறங்கும் பண்டங்களைக் காட்டுகிறார். சோர்வறியாது சுங்கம் கொள்வோரைக் காட்டுகிறார். அங்கு குவிந்த பொருள்களில் ஈழத்திலிருந்து சென்ற உணவும் ஒன்று. நம் கரையின் உழைப்பு நம் பழம்பாட்டொன்றில் இடம்பெற்றது அவ்வாறுதான்.

இளங்கோவடிகளையும் உருத்திரங்கண்ணனாரையும் நாம் பொதுவுடைமைவாதிகளாக்க முயலவில்லை. உழைப்போர் ஒரு பாக்கத்திலும் உடையோர் இன்னொரு பாக்கத்திலும் வாழ்ந்த பிரிவை அவர்கள் ஏற்றுக்கொண்டவர்களே. ஆயினும், துறைமுகம் என்பது கடலாலும் தொழிலாலும் ஆயது என்ற உண்மையை அவர்கள் அறிந்திருந்தனர். மருவூர்ப்பாக்கம் இல்லாமற் பட்டினப்பாக்கம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய நடையோ நேரே பட்டினப்பாக்கத்திற் புகுந்து அங்கேயே முடிந்துவிடுகிறது. அதுவும் நம்முடைய பட்டினப்பாக்கமன்று, நம்மை வென்றவர்களுடையது!

★

யாழ்ப்பாணத்தின் மருவூர்ப்பாக்கம் எங்கே? அது மறைந்துபோய்விடவில்லை. கரையூர் என்று முன்னர் வழங்கிய குருநகர், பாசையூர், கொழும்புத்துறை, நாவாந்துறை என நகரின் விளிம்பெங்கும் அது இருக்கிறது. தீவகத்தையும் வடமராட்சியையும் சேர்த்துக்கொண்டால் ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை என்று அது நீளும். ‘துறை’ என்ற சொல்லை நீக்கிவிட்டால் குடாநாட்டின் படத்தில் எத்தனை ஊர்கள் எஞ்சும்?

ஆதாரமும் இல்லாமலில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. அது பொலன்னறுவையிலிருந்து 12 ஆம் நூற்றாண்டில் ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பிறநாட்டு வணிகர் ஊர்காவற்றுறையிலேயே வந்திறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிவந்த கலம் உடைந்தால் இருவருக்கும் பாதி பாதி. சிங்கள மன்னனொருவன் இக்கரையின் துறைமுகச் சட்டத்தைத் தமிழிற் பொறித்தான் என்ற உண்மை ஒன்றே இன்றைய இனவாதப் பேச்சுகள் பலவற்றுக்கு விடையாகும். இன்னொன்றையும் இங்கு கவனிக்க வேண்டும். கல்வெட்டு அரசனின் பங்கைச் சொல்கிறது. உடையவனின் பங்கைச் சொல்கிறது. உடைந்த கலத்திலிருந்து குதிரையை நீந்தவைத்தும் பண்டத்தைச் சுமந்தும் கரைசேர்த்தவனின் பங்கு என்ன? கல் அதைச் சொல்லவில்லை. மதிலைத் தொட்ட மாணவன் கேட்ட அதே கேள்வி எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய கல்லின் முன்னும் எழுகிறது.

பண்ணைப் பாலத்தைக் கடந்து சென்றால் அல்லைப்பிட்டி. அங்கு 1977 இல் தற்செயலாக வெளிப்பட்ட சீனப் பாண்டத் துண்டுகள் சொங் வம்ச காலத்தவை என்று ஆய்வாளர் நிறுவினர். அண்மையில் கோட்டைக்குள்ளேயே அகழ்ந்தபோது, போர்த்துக்கேயருக்கு முற்பட்ட மண்ணடுக்குகளிற் சீனாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த பாண்டங்களின் உடைசல்கள் கிடைத்தன. கோட்டை எழுவதற்கு நெடுங்காலம் முன்பே அவ்விடத்திற் கடல்வாணிகம் நடந்தது என்பது இதனாற் பெறப்படும். எனவே, கோட்டையிலிருந்து வரலாற்றைத் தொடங்குவது நீதிப்படி மட்டுமல்ல, காலக் கணக்குப்படியும் பிழை. கரை முந்தியது, கோட்டை பிந்தியது.

ஒல்லாந்தர் காலத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தின் சுற்றாடற் கடல் ஆழமற்ற பரவைக்கடல். பெருங்கலங்களின் துறை ஊர்காவற்றுறையே. வன்னியிற் பிடித்த யானைகள் ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் நடத்திவரப்பட்டு, இங்கு விற்கப்பட்டு, ஊர்காவற்றுறையிற் கப்பலேறி இந்தியக் கரைகளுக்குச் சென்றன. சங்கு வங்காளத்துக்குச் சென்றது. துணிக்குச் செந்நிறமூட்டும் சாயவேரை மண்ணிலிருந்து குத்தியெடுத்துக் கும்பனிக்கு ஒப்படைப்பது சில குடிகளின் மீது சுமத்தப்பட்ட கடமை. ‘ஊழியம்’ என்ற பெயரிலே குறித்த சாதியினர் ஆண்டுதோறும் சில நாட்கள் கும்பனியின் வேலைகளுக்குக் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. வரத் தவறினால் பணம் கட்ட வேண்டும். “ஆர் சுமந்தது?” என்ற கேள்விக்கு விடை வேண்டுமானால் அதைத் தேடவேண்டிய முதல் இடம் இதுதான்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்தத் தளபதியாயிருந்த ஹென்றிக் ஸ்வார்டக்குரோன் 1697 இல் தம் பின் வருவோருக்கு எழுதிவைத்த குறிப்பு, 1911 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தஞ்சைப் பக்கம் பஞ்சம் பரவிய 1694 முதல் 1696 வரையான காலத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர் அடிமைகளாக இக்கரையில் இறக்கப்பட்டனர் என்ற கணக்கு அதில் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று கும்பனி வரியும் வாங்கியது. வாங்கியோர் யார்? இங்கு வாழ்ந்த தனியார். 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளைப் பற்றி ஒரு பகுதியே உண்டு. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844 இல். நம் துறைமுகத்தின் வழியாக யானையும் புகையிலையும் மட்டும் போய்வரவில்லை; மனிதனும் விற்பனைப் பண்டமாக வந்திறங்கினான். மரபுரிமை என்று நாம் பெருமைப்படும் சொத்தில் இதுவும் ஒரு பங்கு.

துயரம் மட்டுமே கரையின் வரலாறு என்றும் எண்ணவேண்டாம். திருவிதாங்கூர்ச் சந்தைக்கு யாழ்ப்பாணப் புகையிலையைத் தோணிகள் கொண்டுசென்றன. வல்வெட்டித்துறையின் தச்சர் பாய்க்கப்பல் கட்டினர். அவ்வூர் மாலுமிகள் வங்கக் கடலைத் தம் முற்றம்போல் அறிந்திருந்தனர். அங்கு கட்டப்பட்ட ‘அன்னபூரணி’யை அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயர்மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் செலுத்திச் சென்று, 1938 இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள குளோஸ்டர் துறையை அடைந்தனர். பெரிய பல்கலைக்கழகம் எதிலும் பயிலாத கைகள் கட்டிய கலம் அது. பட்டம் பெற்ற நாம் அதைக் கட்டியோருக்கு எங்கே ஒரு கல் நாட்டியிருக்கிறோம்?

★

இவ்வளவு செய்தி இருந்தும் நடையில் அது இடம்பெறாதது ஏன்? வழிகாட்டியின் அறியாமையே காரணம் என்று கூறிவிட்டு நகர்ந்தால் அது சோம்பல் விமர்சனம்.

முதற் காரணம், நம் வரலாற்று நூல்களின் பிறப்பிலேயே இருக்கிறது. மயில்வாகனப் புலவரின் ‘யாழ்ப்பாண வைபவமாலை’ 1736 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிகாரி மக்காறாவின் வேண்டுகோளின்படி எழுந்தது. ஆள்வோன் கேட்டான், புலவர் முன்னை ஆள்வோரின் கதையைச் சொன்னார். எந்த அரசன் எந்தப் பெருங்குடியை எங்கே குடியேற்றினான் என்பது அதன் முக்கிய பொருள்களுள் ஒன்று. பின்வந்தோர் அந்நூலைக் கேள்வியின்றி ஏற்றனர் என்று சொல்லமுடியாது. சுவாமி ஞானப்பிரகாசர் 1928 இல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ எழுதி அதனைக் கடுஞ்சோதனைக்கு உட்படுத்தினார். ஆனால், அச்சோதனையும் பெரும்பாலும் எந்த அரசன், எந்த ஆண்டு என்பதையே சுற்றியது. கரையிலிருப்பவன் கேள்வி கேட்கும் இடத்தில் இருக்கவில்லை.

இரண்டாவது காரணம் சாதி. இதை மென்று விழுங்குவதிற் பயனில்லை. கரையோரத்தையும் உழைப்போர் குடியிருப்புகளையும் ‘அந்தப் பக்கம்’ என்று சொல்லிப் பழகிய நாக்கு, அந்தப் பக்கத்துக்கு நடைவழி அமைக்கத் தயங்குகிறது. மீன் நாற்றம் விருந்தினருக்கு ஒவ்வாது என்று ஒரு நண்பர் எம்மிடம் கூறினார். மீன் நாற்றம் ஒவ்வாதவர் துறைமுக நகரத்தைப் பார்க்க ஏன் வருகிறார் என்று கேட்டோம். அவர் சிரித்தார், விடை கூறவில்லை.

மூன்றாவது காரணம், நாமே செய்த தவறுகளை நாம் பேச விரும்பாமை. நூலகத்தின் முன் நின்று கண்கலங்கிய நாம், அங்கிருந்து நடந்தே செல்லக்கூடிய சோனகத் தெருவுக்குச் செல்லவில்லை. 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி அத்தெருவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளின் ஆணையால் இரண்டு மணி நேர அவகாசத்தில் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு விரட்டப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். கூரையிழந்த வீடுகளின் சுவர்கள் அங்கு நீண்ட காலம் சாட்சி கூறின. பிறநாட்டிலிருந்து கடல்வழி வந்தோர் கலந்து வாழ்ந்த இருப்பிடத்தையே இளங்கோ முதலிற் காட்டினார் என்பதை நினைவுகூருங்கள். நம் மருவூர்ப்பாக்கத்தின் அப்பகுதியை நாமே வெறுமையாக்கினோம். பிறர் நமக்கு எரித்ததைச் சொல்லி, நாம் பிறருக்கு இழைத்ததைச் சொல்லாது விடுவது வரலாறாகாது, வழக்கறிஞர் வாதமாகும்.

★

இவ்வாறு எழுதும்போது இரு ஆட்சேபங்கள் எழும்.

‘புண்ணைக் கிளறி என்ன பயன்? மக்கள் மகிழ்ச்சியாக நடக்கட்டுமே’ என்பர் ஒரு சாரார். அடிமை வாணிகத்தாற் செழித்த துறைமுகங்களுள் ஒன்று இங்கிலாந்தின் லிவர்பூல். அந்நகரம் தன் துறைமுகப் பகுதியிலேயே 2007 இல் அடிமைமுறை பற்றிய தனி அருங்காட்சியகமொன்றைத் திறந்தது. அதனால் அந்நகரத்தின் மதிப்புக் குறையவில்லை. தென்னாபிரிக்காவின் கேப் ரவுணில் நிறவெறி அரசு மக்களை வெளியேற்றி இடித்த ஆறாம் வட்டாரத்துக்கும் 1994 முதல் ஓர் அருங்காட்சியகம் உண்டு. அங்கு முன்னாட் குடியிருப்பாளரே வந்து தம் தெருவின் கதையைச் சொல்கின்றனர். பேசப்பட்ட புண் ஆறுவதற்கு வழியுண்டு. மூடிவைத்த புண்ணே அழுகும்.

இரண்டாவது ஆட்சேபம் எம் அணியைச் சார்ந்தோரிடமிருந்தே வரக்கூடும். ‘கோட்டையை விட்டுவிடுவோம், அது அந்நியனுடையது, உழைப்பாளியின் கதை மட்டும் போதும்’ என்பர் அவர். இதையும் நாம் ஏற்கமாட்டோம். கோட்டையைப் பாராமல் ஊழியத்தை விளங்கமுடியாது. கரையோரத்து மக்களை மாசற்றவராகக் காட்டுவதும் வரலாறன்று. கரையிலும் சம்மாட்டி உண்டு, கூலியாள் உண்டு. இந்திய இழுவைப் படகுகள் நம் கடலின் அடியை வழித்துச் செல்வதை எதிர்க்கும் நாம், இழுவைமடித் தொழில் நம் கரையிலும் நடந்தது என்பதை மறைக்கலாகாது. 2017 இல் இலங்கை அத்தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது; தடையின் பின்னும் பூசல் ஓயவில்லை. ஒரு சுரங்கக் கதையை நீக்கிவிட்டு இன்னொரு சுரங்கக் கதையைத் தோண்டுவது எமது நோக்கமன்று.

★

குறை கூறியவன் வழியும் கூறவேண்டும் அல்லவா? அதே இருபத்துநான்கு மாணவரோடு வேறொரு சனிக்கிழமை நாமே ஒரு நடையை அமைத்தோம். அது பெரிய சாதனையன்று, ஒரு பரிசோதனை.

விடிகாலையிற் குருநகர்க் கரையில் தொடங்கினோம். வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. மீன் கூறி விற்கும் இடத்தில் மாணவர் நின்று பார்த்தனர். விலையை யார் தீர்மானிக்கிறார், கடன் கொடுத்தவர் எவ்வளவு கழிக்கிறார், கடலுக்குப் போனவன் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்டுக் குறித்தனர். முதிய கடற்றொழிலாளர் ஒருவர் எங்களோடு பேச இசைந்தார். “தம்பியவை, பிள்ளையள், முதல்ல காத்தைப் படியுங்கோ” என்று தொடங்கினார். வாடை, சோளகம், கச்சான், கொண்டல் ஆகிய நான்கு காற்றும் எந்தெந்த மாதத்தில் எப்படி வீசும், எந்தக் காற்றிற் பாய்த்தோணி இந்தியக் கரைக்கு ஓடும், எதிற் திரும்பும் என்று அவர் விரலால் மணலிற் கோடிழுத்துக் காட்டினார். புவியியற் பாடத்திற் பருவக்காற்றை மனனம் செய்த மாணவர் அன்றுதான் அதை விளங்கிக்கொண்டனர். இந்தியாவிலிருந்து தோணியில் வந்த ஓட்டைத் தம் தகப்பனார் தலையிற் சுமந்து கரைசேர்த்ததையும் அவர் கூறினார். நகரத்தின் பழைய வீட்டுக் கூரைகளை மாணவர் அதன்பின் வேறு கண்ணோடு பார்த்தனர்.

அவர் கூறியவற்றில் தவறும் இருந்தது. போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் ஒன்றாக்கி ‘பறங்கி’ என்றார். ஒரு நூற்றாண்டை முன்பின் மாற்றினார். மாணவர் பாடசாலைக்குத் திரும்பியதும் நூல்களோடு ஒப்பிட்டுத் திருத்தினர். ஆண்டை நூல் திருத்தியது. காற்றைப் பற்றி நூலிலே ஒரு வரியும் இருக்கவில்லை. வாய்மொழிக்கும் ஏட்டுக்கும் இடையே இத்தகைய உறவே வேண்டும். ஒன்று மற்றொன்றைச் சோதிக்கவேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை ஒதுக்கலாகாது.

கரையோரமாக நடந்து கோட்டையை அடைந்தபோது உள்ளே செல்லாமற் கடந்தோம். மாணவர் வியந்தனர். பண்ணை, நாவாந்துறை வழியாகச் சோனகத் தெருவுக்குச் சென்றோம். திரும்பிவந்து மீண்டும் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் தேநீர் தந்து உபசரித்தார். 1990 பற்றி அவர் அதிகம் பேசவில்லை. “முப்பது வருசம் கழிச்சு ஒரு பள்ளிக்கூடம் எங்கட தெருவுக்கு வந்திருக்கு” என்று மட்டும் கூறினார். நாம் தலைகுனிந்தோம். பின்னர் பெரியகடையூடாக வந்து கடைசியாகவே கோட்டைக்குள் நுழைந்தோம்.

இம்முறை வழிகாட்டி எவருமில்லை. மதிலைத் தொட்டுக் கேள்வி கேட்ட மாணவனையே பேசவிட்டோம். ஊழியம் என்றால் என்ன, முருகைக்கல்லை எவ்வாறு வெட்டுவர், சுண்ணாம்பை எவ்வாறு சுடுவர் என்று அவன் ஒரு மாதமாகத் தேடிச் சேர்த்ததைக் கூறினான். பேச்சுத் தடுமாறியது, இரண்டிடத்தில் ஏட்டைப் பார்த்தான். ஐந்து கொத்தளங்களின் பெயரையும் அவன் விடாமற் சொன்னான். அவற்றைச் சொன்ன பிறகு, “இந்தப் பேரெல்லாம் வைச்சவையின்ர பேர். கட்டினவையின்ர பேர் எனக்குக் கிடைக்கேல்லை. நான் இன்னும் தேடுறன்” என்றான்.

வரலாற்று நடைகளை நடத்துவோருக்கு எமது வேண்டுகோள் மிக எளியது. உங்கள் நடையைக் கைவிடவேண்டாம்; அதன் வழியைத் திருப்புங்கள். கரையிலே தொடங்குங்கள். பேசும் உரிமையைக் கரையிலுள்ளோருக்கும் சோனகத் தெருவாருக்கும் பங்கிடுங்கள். நடையின் முடிவிலே சொற்பொழிவு நிகழும் மண்டபத்தில் அவர்களுக்கும் முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். 2023 ஒக்ரோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடல் வழி திறக்கிறது, விருந்தினர் வருவர். அவர்களுக்கு எதைக் காட்டுவது என்பது சுற்றுலாக் கணக்கு. எம் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது என்பதே எம்முன் உள்ள கேள்வி. அந்த மாணவனின் தேடலுக்குத் துணைநிற்க விரும்புவோர் குருநகர்க் கரையில் விடிகாலையில் எம்முடன் சேரலாம்.